இட்லிப்பூவுல வந்த சிவப்புப் பொட்டுக்காரி: சிவப்புடல் அழகியா, வேஷம் போட்ட கறிவேப்பிலை அழகியா?

#1 – காட்பாடி மாடி

காந்தி நகர்ல மாடித் தோட்டம். இட்லிப்பூவுக்கு வந்த வண்ணத்துப்பூச்சி, மூணு படம் போட்டிருக்கேன். முதல் படம் மேலேருந்து எடுத்தது, கொஞ்சம் அசைஞ்சிருக்கு. ரெண்டாவது பக்கவாட்டுல. மூணாவது பக்கத்துத் தொட்டியில இருக்கிற கறிவேப்பிலை மேல, இறக்கையை விரிச்ச மாதிரி. கறுப்பு இறக்கை, முன் இறக்கையில வெள்ளைப் பட்டை, பின் இறக்கையில சிவப்புப் பொட்டு, கீழே வால். வாட்ஸ்அப்ல பாதிப் பேர் சிவப்புடல் அழகின்றாங்க, பாதிப் பேர் கறிவேப்பிலை அழகியோட பொண்ணுன்றாங்க. ஒருத்தர் தமிழ்நாட்டு மாநிலப் பட்டாம்பூச்சியே இதுதான்னு சொல்லிட்டார்.

எது சரி? இது தொடர்ந்து வரணும்னா என்ன செடி வைக்கணும்?

#2 – பாலாற்றங்கரை

கடைசியா சொன்னவரை முதல்ல அனுப்பி வெச்சிடலாம். மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன், 2019-ல் அறிவிச்சாங்க. ஆரஞ்சு நிறம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பக்கத்து ஆள். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

மத்த ரெண்டு கட்சியும் ஜெயிச்சாச்சு. உங்க படத்துல இருக்கிறது ரெண்டு இனம். 1, 2 சிவப்புடல் அழகி (கிரிம்சன் ரோஸ், பாக்லியோப்டா ஹெக்டர்). 3 கறிவேப்பிலை அழகியோட (காமன் மார்மன், பாபிலியோ பாலிடெஸ்) பெண், அதுல ரோமுலஸ்னு சொல்ற வடிவம்.

இறக்கையை மறந்துட்டு உடம்பைப் பாருங்க. ரெண்டாவது படத்துல தலை பளிச்சுன்னு சிவப்பு, வயிறு நுனி வரைக்கும் சிவப்பு. முதுகுல மார்புப் பகுதியும் வயிறு தொடங்குற இடமும் மட்டும் கறுப்பு. மூணாவது படத்துல தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு பொட்டு சிவப்பு கிடையாது, முழுக்கக் கறுப்பு. பெரிசாக்கிப் பார்த்தா சின்ன வெள்ளைப் புள்ளி ரெண்டு மூணு தெரியும், அவ்வளவுதான். தமிழ்ப் பேரு வெச்சவங்க 'சிவப்புடல்'னு சும்மா வைக்கலை, அடையாளத்தையே பேராக்கிட்டாங்க.

இறக்கையிலயும் வித்தியாசம் உண்டு, ஆனா அது ரெண்டாவது சாட்சிதான்:

சிவப்புடல் அழகிக்கு முன் இறக்கை வெள்ளைப் பட்டை அழுத்தமா இருக்கும். நரம்பு குறுக்கே வர்ற இடத்துல வெட்டி வெட்டி நிக்கும். நுனிப் பக்கம் இன்னொரு சின்னப் பட்டை. பின் இறக்கையில ரெண்டு வரிசை சிவப்பு: உள்ளே வளைவா ஏழு பொட்டு, வெளியே ஓரத்தை ஒட்டிப் பிறை பிறையா. ரோமுலஸுக்கு வெள்ளை கரைஞ்ச சுண்ணாம்பு மாதிரி, ஓரம் தெளிவில்லாம இருக்கும். சிவப்பும் இருக்கும், ஆனா அந்த வரிசை ஒழுங்கு இருக்காது.

#3 – ஒடுகத்தூரான்

பாலாற்றங்கரை சொல்றது புரியுது. ஆனா ஒண்ணு கேக்குறேன். சிவப்புடல் அழகியில பொட்டைக்குச் சாயம் கம்மி. சில பொட்டைக்குப் பின் இறக்கைப் பொட்டு ரோஸ் கலருக்கும் கீழ போயிடும். வயசான பூச்சின்னா செதில் உதிர்ந்து வெள்ளையும் மங்கிடும். மூணாவது படம் ஏன் கெழட்டுப் பொட்டையா இருக்கக் கூடாது? ஒரு படத்தை வெச்சிகினு எப்டி அடிச்சிச் சொல்றது?

#4 – பாலாற்றங்கரை

நியாயமான கேள்வி. பெண்ணுக்கு மங்குறது இறக்கைப் பொட்டுதான். உடம்புச் சிவப்பு ரெண்டு பாலுக்கும் பொது. செதில் உதிர்ந்த பூச்சியா இருந்தாலும் வயித்தோட அடிப்பக்கமும் தலையும் சிவப்பைக் காட்டிக் கொடுத்துடும். அதுக்குத்தான் பக்கவாட்டுப் படம் கேட்குறது. மேலேருந்து எடுத்த ஒரே படம் மட்டும் இருந்தா நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

மூணாவது படத்துல இன்னொரு சாட்சியும் இருக்கு. வயித்து நுனியை வளைச்சு கறிவேப்பிலைக் கொழுந்துல வெச்சிருக்கு. அது முட்டை போடுற நிலை. சிவப்புடல் அழகி கறிவேப்பிலையில முட்டை போடாது. அதோட புழு ஈஸ்வரமூலி வகைக் கொடியைத்தான் தின்னும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் மார்மன் புழுவோட சாப்பாடு.

அந்தக் கொழுந்தை இப்பப் போய்ப் பாருங்க. வழவழன்னு வெளிர் மஞ்சள் உருண்டை ஒண்ணு ஒட்டியிருந்தா வழக்கு முடிஞ்சுது. சிவப்புடல் அழகி முட்டை செங்கல் கலந்த ஆரஞ்சு, மேலே பொரிபொரியா மாவு பூசின மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எலுமிச்சை அழகியும் அதே கொழுந்துல அதே மாதிரி முட்டைதான் போடும். முட்டையை மட்டும் வெச்சு அந்த ரெண்டையும் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க.

#5 – காட்பாடி மாடி

பார்த்தேன். மஞ்சள் உருண்டை ஒண்ணு இருக்கு, குண்டூசித் தலை அளவு. அப்போ ரெண்டும் ஒரே மாடியில ஒரே நாள்ல! ஆனா கறிவேப்பிலை அழகின்னு கூகுள்ல தேடினா கறுப்புல வெள்ளைப் புள்ளி வரிசை இருக்கிற படம்தான் வருது, சிவப்பே இல்லை. அது என்ன?

#6 – நுண்வரி

நீங்கள் பார்த்தது ஆண். ஆண் எப்போதும் ஒரே உடைதான்: கறுப்பு, பின் இறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கு நம் பக்கத்தில் மூன்று உடைகள்.

சைரஸ் என்பது ஆணைப் போலவே இருக்கும் பெண். ஸ்டிக்கியஸ், ரோஜா அழகியை (காமன் ரோஸ்) ஒத்திருக்கும்: முன் இறக்கையில் வெள்ளைப் பட்டை கிடையாது, பின் இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். ரோமுலஸ், சிவப்புடல் அழகியை ஒத்திருக்கும். மூன்றுக்கும் உடம்பு கறுப்புதான். வேடத்தில் உடம்பு மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதுதான் நமக்குக் கிடைத்த துருப்பு.

வேடம் எதற்கு என்றால், ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுப் பருவத்தில் ஈஸ்வரமூலி இலையிலிருந்து அரிஸ்டலோக்கிக் அமிலங்களை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை அந்தச் சிவப்பையும் கறுப்பையும் கண்டாலே விலகிவிடும். மார்மன் புழு தின்பதோ கறிவேப்பிலை. அதன் உடம்பில் அந்த நஞ்சு இல்லை. அடுத்தவர் சம்பாதித்த கெட்ட பெயரை வைத்துப் பிழைப்பு நடத்துகிறது.

பலரும் நினைப்பது போல இந்த உடைகளைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆளவில்லை. 2014-ல் குண்டேயும் கிரான்ஃபோர்ஸ்டும் அவர்களுடைய குழுவினரும் நேச்சர் இதழில் காட்டியபடி, டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் திறவுகோல். பூச்சி ஆணா பெண்ணா என்ற வளர்ச்சியில் பங்கெடுக்கும் மரபணுவே இங்கே இறக்கை உடையையும் தீர்மானிக்கிறது. வேடம் தரும் வடிவம் ஓங்கு தன்மை கொண்டது. தாயிடமோ தந்தையிடமோ ஒரு பிரதி வந்தாலே மகள் வேடத்தோடு பிறப்பாள். மகனிடம் அதே பிரதி இருந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே ஒரே தாயின் முட்டைகளிலிருந்து சைரஸ் ஒன்றும் ரோமுலஸ் ஒன்றும் வந்தால் 'கலந்துபோச்சு' என்று பதற வேண்டாம்.

#7 – ஒடுகத்தூரான்

சரி, மூணாவது படத்துக்கு நான் ஒத்துக்குறேன். பறக்கும்போது கண்டுபுடிக்க ஒரு வழி சொல்றேன், படமே வேணாம். சிவப்புடல் அழகிக்கு அவசரமே கெடையாது. ஆடி ஆடி, தாழப் பறக்கும், யாரு வந்து இன்னா பண்ணிடப்போறான்ற மாதிரி. வேஷக்காரியும் சும்மா இருக்கறப்ப அதே மாதிரிதான் போவா. கைய ஓங்கிப் பாரு, வேஷத்தக் கழட்டிப் போட்டுட்டு சர்ருனு கோணக்கோணலா ஓடிடுவா. நெசமானது ரெண்டு அடி தள்ளிப் போயி மறுபடி பூவுல குந்திக்கும்.

சாயங்காலமும் பாக்கலாம். அஞ்சு மணிக்கு மேல சிவப்புடல் அழகிங்க காஞ்ச குச்சியில, கொடியில கும்பலா வந்து தொங்கும். அமிர்தி பக்கம் ஓடைய ஒட்டின பொதர்ல மழைக்கப்புறம் பாத்தா தெரியும்.

#8 – பாலாற்றங்கரை

அந்தச் சாயங்கால நேரம்தான் படமெடுக்கவும் வசதி. பூவுல இருக்கும்போது சிவப்புடல் அழகி முன் இறக்கையை அடிச்சுக்கிட்டே தேன் குடிக்கும், உட்கார்ந்த மாதிரி தெரிஞ்சாலும் அசையாம இருக்காது. ஷட்டர் 1/1000-க்குக் குறைஞ்சா உங்க முதல் படம் மாதிரி ஆகும். போன்னா வீடியோவை நொடிக்கு 60 ஃபிரேம்ல ஓடவிட்டு அப்புறம் ஒரு ஃபிரேமை நிறுத்தி எடுங்க. மேலேருந்து ஒண்ணு, பக்கத்துலேருந்து ஒண்ணு. ரெண்டும் இருந்தாத்தான் அடையாளம் கேட்டு வரணும்.

#9 – காட்பாடி மாடி

மார்மனுக்குக் கறிவேப்பிலை இருக்கு. சிவப்புடல் அழகிக்கு ஈஸ்வரமூலி எங்கே கிடைக்கும், எப்படி வளர்க்கணும்? மாடியில முடியுமா? நம்ம ஊர் வெயில் தெரியுமே.

#10 – கொடிப்பந்தல்

முடியும். ஆனா சித்திரை வைகாசியைத் தாண்ட வைக்கிறதுலதான் வேலையே இருக்கு.

செடி: அரிஸ்டலோக்கியா இண்டிகா. ஈஸ்வரமூலி, பெருமருந்து, கருடக்கொடின்னு பல பேரு. இலை ஒரே அச்சுல இருக்காது. சிலது நீளமா, சிலது நடுவுல இடுப்பு ஒடுங்கின மாதிரி. பூ சின்னது, வெளிர் பச்சைக் குழாய், வாய்ல ஊதா. காய் முத்தி வெடிச்சா தலைகீழாத் தொங்குற சின்ன உறிக்கூடை மாதிரி விரியும். இந்தக் கூடையைப் பார்த்துட்டா வேற எந்தக் கொடியோடயும் குழப்பிக்க மாட்டீங்க.

விதை: காய் பச்சையிலேருந்து பழுப்புக்கு மாறும்போதே மெல்லிய துணியைச் சுத்திக் கட்டிடுங்க. விதை தட்டையா, இறக்கை வெச்சது. வெடிச்சா காத்துல போயிடும், அப்புறம் கூடை மட்டும்தான் மிஞ்சும். புது விதையா இருக்கணும். ஒரு ராத்திரி ஊறவெச்சு ஒரு சென்டிமீட்டர் ஆழத்துல போடுங்க. முளைக்க மூணு வாரத்துலேருந்து ஆறு வாரம் ஆகும். பத்து நாள்ல வரலைன்னு மண்ணைக் கிளறிப் பார்க்கிறவங்கதான் அதிகம். அங்கதான் கெட்டுப்போறது.

குச்சி வெட்டி நடறதை விடப் பதியம் நிச்சயம். ஆடி ஆவணியில சாயங்கால மழை பிடிச்சதும், பாதி முத்தின கொடியை வளைச்சு ஒரு கணுவை ஈரமண்ணுல புதைச்சு மேலே கல்லை வையுங்க. வேர் விட்டுதான்னு லேசா இழுத்துப் பார்த்து, அப்புறம் தாய்க்கொடிலேருந்து வெட்டுங்க. குச்சிதான் வேணும்னா 15 சென்டிமீட்டர், மூணு கணு, நிழல்ல. பத்து வெச்சா பாதி வந்தா சந்தோஷப்படுங்க.

தொட்டி: 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வேர் கட்டையா ஆழமா இறங்கும். செம்மண் 2 பங்கு, மக்கின எரு 1, மணல் 1. அடியில தண்ணி நின்னா வேர்க்கட்டை அழுகிடும். வெயில்ல காஞ்சு செத்ததை விட, வெயில் காலத்துல பாவம்னு தினம் ரெண்டு வேளை ஊத்தினதுல அழுகிச் செத்ததுதான் நிறைய.

வெயில்: காலை வெயில் எவ்வளவு வேணும்னாலும் வரட்டும். மதியத்துக்கு மேல மேற்கு வெயில் படக் கூடாது. வேலூர்ல 40 டிகிரியைத் தாண்டும்போது காங்கிரீட் தளம் இன்னும் சுடும். தொட்டியைச் செங்கல் மேல தூக்கி வெச்சு, வெளிப்பக்கம் சாக்கு சுத்துங்க. அக்னி நட்சத்திரத்துல இலையெல்லாம் கொட்டிக் கொடி காஞ்சா பிடுங்கிப் போட்டுடாதீங்க. வேர்க்கட்டை உயிரோட இருக்கும். வாரம் ரெண்டு தடவை மட்டும் ஈரம் காட்டுங்க. முதல் நல்ல மழைக்குத் துளிர்க்கும்.

ஒரு கொடி போதாது. குறைஞ்சது நாலு. அதுல ரெண்டு இடுப்புயரம் தாண்டுற வரைக்கும் கொசுவலை போட்டு மூடி வையுங்க. இல்லைன்னா முதல் அழகி வந்து போட்ட முட்டையிலேயே கொடி முடிஞ்சுடும்.

#11 – செண்பகத்தோட்டம்

நர்சரியில இதே இனம்னு வாத்து மாதிரிப் பூக்கிற கொடி விக்கிறாங்க. இலை பெரிசு, ஒரே மாசத்துல பந்தலையே மூடிடுது. ஈஸ்வரமூலிக்குத் திண்டாடுறதுக்கு அதையே வெச்சா என்ன? குடும்பம் ஒண்ணுதானே.

#12 – கொடிப்பந்தல்

தயவுசெஞ்சு வேண்டாம். குடும்பம் ஒண்ணுங்கிறதுதான் ஆபத்தே. அதெல்லாம் தென் அமெரிக்கப் பக்கத்துக் கொடிங்க. தாய்ப்பூச்சி வாசனையை வெச்சு முட்டை போடும், புழு தின்ன முடியாம செத்துப்போகலாம். ஆஸ்திரேலியாவுல ரிச்மண்ட் பேர்ட்விங்ங்கிற பெரிய வண்ணத்துப்பூச்சிக்கு இதுதான் நடந்துது. தோட்டத்து அழகுக்குன்னு வெச்ச அரிஸ்டலோக்கியா எலிகன்ஸ் காட்டுக்குள்ள பரவி, அதுல முட்டை போட்டுப் புழுவெல்லாம் செத்து, இப்போ ஆள் வெச்சு அந்தக் கொடியைப் பிடுங்குறாங்க. நம்ம பூச்சிக்கு எந்தக் கொடி எவ்வளவு விஷம்னு மாடியில சோதனை பண்ணிப் பார்க்கணுமா?

கடையில பார்க்கும்போது: இலை அகலமா, சிறுநீரகம் மாதிரியோ இதயம் மாதிரியோ ஒரே வடிவத்துல இருந்து, பூ உள்ளங்கை அளவுக்கு இருந்தா அது நம்ம ஊர்க் கொடி இல்லை.

#13 – ஒடுகத்தூரான்

கொடி கெடைக்கலன்னா ஆடுதின்னாப்பாளை பாருங்க. அரிஸ்டலோக்கியா பிராக்டியோலேட்டா. கொடியா ஏறாது, தரையோட படரும். வரப்பு, கரிசலான கொல்லை, ஏரிக்கரைன்னு காஞ்ச எடத்துல வரும். இலை சாம்பல் பூத்த பச்சை, நெஞ்சு வடிவம், கசக்கினா கொமட்டும். பேர்லயே சேதி கீது, ஆடே வாய வெக்காது. அதனாலதான் மேய்ச்சல் காட்டுல எல்லாம் மொட்டையாக் கெடக்கறப்ப இது மட்டும் பச்சையா நிக்கும்.

சிவப்புடல் அழகி, ரோஜா அழகி ரெண்டும் இதுல முட்டை வெக்கும். மாடிக்கு இன்னா லாபம்னா, வெயிலத் தாங்கும், பந்தல் வேணாம், அகலமான தொட்டி போதும். நஷ்டம் இன்னான்னா செடி சின்னது. பெரிய புழு ரெண்டு ஒரு செடியத் தண்டோட தின்னு முடிச்சிடும். இத ஆறேழு தொட்டி வெச்சிகினு கூட ஒரு ஈஸ்வரமூலி கொடி வெச்சா சரியா இருக்கும். கொல்லையில கெடைச்சா வேரோட புடுங்காம விதை எடுங்க. களை வெட்டறதுக்கு முந்தி போயி எடுக்கணும், அதுதான் கஷ்டம்.

#14 – செண்பகத்தோட்டம்

வாத்துப்பூவை விட்டுட்டேன். ஈஸ்வரமூலி வீட்டுல இருந்தா பாம்பு வராது, கடிச்சாலும் இலையை அரைச்சுக் குடுக்கலாம்னு பெரியவங்க சொல்வாங்களே. பூச்சிக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு.

#15 – நுண்வரி

பூச்சிக்கு மட்டும் ஆகட்டும். சிவப்புடல் அழகியைப் பறவையிடமிருந்து காக்கும் அதே அரிஸ்டலோக்கிக் அமிலம் மனிதச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவில் வைத்திருக்கிறது. அரைத்துக் குடிக்க வேண்டாம், கஷாயமும் வேண்டாம். கொடியை வெட்டிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் காயைப் பறிக்காத உயரத்தில் படர விடுங்கள். பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனைக்கு, விஷமுறிவு ஊசிக்கு. இடையில் எந்த இலையும் வேண்டாம்.

#16 – மட்டுறுத்துநர்

புழுவைப் பிடித்து டப்பாவில் வளர்ப்பது, கூட்டுப்புழு பரிமாறிக்கொள்வது பற்றித் தனிச்செய்தியில் கேட்கிறவர்களுக்குப் பொதுவில் ஒரு பதில். சிவப்புடல் அழகி 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர் இருந்த இனம். 2022 திருத்தம் அட்டவணைகளை மாற்றி எழுதிவிட்டது. பழைய பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டாம், நடப்புப் பட்டியலைப் படியுங்கள். இந்த இழையில் செடி வைப்பது, செடியிலேயே புழுவைக் காப்பது மட்டும் பேசலாம். பிடிப்பது, விற்பது, அனுப்புவது வந்தால் பதிவை நீக்குவேன்.

#17 – பாலாற்றங்கரை

மட்டுறுத்துநர் சொன்னது பூச்சிக்கும் நல்லதுதான். டப்பாவுல சாகிறதுதான் அதிகம். செடியிலேயே விட்டா என்ன எதிர்பார்க்கணும்னு சொல்றேன்.

முட்டை பொரிய மூணு நாலு நாள், குளிர்ல கொஞ்சம் கூட ஆகும். புழு அஞ்சு பருவம், ரெண்டு மூணு வாரம். கூட்டுப்புழு பத்துப் பதினாலு நாள். ஆக முட்டையிலேருந்து பூச்சி வரைக்கும் ஒரு மாசம் ஒண்ணே கால் மாசம்.

புழு கருஞ்சிவப்புல வெல்வெட் மாதிரி, உடம்பு முழுக்கச் சதைமுள் மாதிரி செம்முனைகள். நடு உடம்புல வெள்ளைப் பட்டை ஒண்ணு குறுக்கே ஓடினா அது ரோஜா அழகி. பட்டை இல்லைன்னா சிவப்புடல் அழகி. தொட்டா தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்துல ரெண்டு கிளைக் கொம்பு நீட்டும், நாத்தம் அடிக்கும். கடிக்காது, முள் குத்தாது.

எங்கே கெடும்:

இலை தீர்றது. கடைசிப் பருவத்துல புழு தின்கிற வேகம் திடீர்னு ஏறும். முதல் வாரத்துல 'நிறைய இலை இருக்கே'ன்னு பத்துப் புழுவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டா, மூணாவது வாரம் வெறும் தண்டு நிக்கும், தண்டையும் கடிக்கும். ஆள் உயரக் கொடி ஒண்ணுக்கு மூணு நாலு புழு. மேல இருந்தா வலைக்குள்ள இருக்கிற கொடியைத் திறந்து அங்க மாத்துங்க. புழுவைக் கையால பிய்க்காதீங்க, அது உட்கார்ந்திருக்கிற இலையோட வெட்டி அந்தக் கொடியில வையுங்க. தானா ஏறிக்கும். தோலுரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் அசையாம இருக்கும், அப்போ தொடவே கூடாது.

எறும்பு. முட்டையும் குட்டிப் புழுவும் போறது பெரும்பாலும் இதுலதான். தொட்டியைத் தண்ணித் தட்டுல நிறுத்துங்க, கொடி சுவரைத் தொடாம கம்பியில ஏத்துங்க. கொடி சுவரைத் தொட்டுக்கிட்டு இருந்தா தட்டு வெச்சுப் பிரயோஜனமில்லை. மாவுப்பூச்சி இருக்கிற கொடிக்கு எறும்பு நிச்சயம் வரும். இலைக்கடியில முட்டை இருக்கான்னு பார்த்துட்டு தண்ணி பீய்ச்சி மாவுப்பூச்சியைக் கழுவுங்க.

மருந்து. வேப்பெண்ணெய் இயற்கைதானேன்னு அடிக்காதீங்க, புழுவுக்கு அது மருந்து இல்லை, எமன். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் கலந்த எந்த 'இயற்கை'ப் பொடியும் அப்படித்தான், அது புழுவைக் கொல்லவே செஞ்சது. கொசுப்புகை வண்டி தெருவுல வர்ற அன்னிக்கு முடிஞ்சா ஈரத்துணியால மறைச்சு வையுங்க.

ஒட்டுண்ணிக் குளவி. கூட்டுப்புழு ஆன முதல் நாள் தோல் மெத்துனு இருக்கும்போது சின்னக் குளவி மேலேயே உட்கார்ந்து முட்டை போடும். ரெண்டு வாரம் கழிச்சு வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலா துளை விழுந்து கொசு மாதிரி நூறு வரும். கூடு கட்டி முதல் ரெண்டு நாள் மட்டும் சுத்தி மெல்லிய வலை கட்டினா போதும். சிலர் குளவியை எதிரி மாதிரி பேசுவாங்க. அது இல்லைன்னா கறிவேப்பிலையில ஒரு இலை மிஞ்சாது, அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

#18 – செண்பகத்தோட்டம்

கறிவேப்பிலை பேச்சு வந்ததால கேக்குறேன். மார்மன் புழு பறவை எச்சம் மாதிரி இருந்து இப்போ பச்சையா மாறியிருக்கு. நாலு புழு, ஒரு சின்னச் செடி, ரசத்துக்கு இலை இல்லை. மார்க்கெட்ல ஒரு கட்டு வாங்கிப் போட்டா தின்னுமா?

#19 – கொடிப்பந்தல்

தின்னும், மறுநாள் சாகும். கடைக் கறிவேப்பிலையில மருந்து இருக்கும்னு நினைச்சே நடந்துக்கோங்க. சைலாங்கிற சாறு உறிஞ்சுற பூச்சிக்கு, அசுவினிக்குன்னு வெட்டுறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் அடிக்கிற தோட்டங்க உண்டு. உள்ளே ஊடுருவுற மருந்துன்னா கழுவினாலும் போகாது. புழு பச்சையா வாந்தி எடுத்து, தலை தொங்கி, உடம்பு சுருங்கினா அது மருந்துச் சாவு. தொட்டா கசிஞ்சு கறுத்துத் தொங்கினா அது நோய், மத்த புழுவைத் தள்ளி வையுங்க. நர்சரியிலேருந்து வாங்கின புதுச்செடிக்கும் இதே கதை. வந்த புதுசுல புழு நிக்காது. பழைய இலையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, ரெண்டு மூணு மாசம் கழிச்சு வர்ற துளிர்ல நிக்கும்.

இப்போதைக்கு, பக்கத்து வீட்டு எலுமிச்சை, நாரத்தை, கோயில் வில்வம், எதுல மருந்து படலைன்னு தெரியுமோ அதுலேருந்து கொழுந்துக் கிளை கேளுங்க. ஆனா கறிவேப்பிலையில பாதி வளர்ந்த புழு சில சமயம் வேற இலையைத் தொடாது. ஒண்ணை மட்டும் முதல்ல மாத்திப் பாருங்க. கறிவேப்பிலைச் செடிக்குக் கவலை வேண்டாம், மொட்டையடிச்ச மாதிரி ஆனாலும் பக்கக்கிளை வெச்சு முன்னை விட அடர்த்தியாத்தான் வரும். ரசத்துக்குக் கொத்தமல்லி போடுங்க.

#20 – காட்பாடி மாடி

கேட்கிறதுக்கே இவ்வளவு இருக்கா! இன்னைக்கு ஆடுதின்னாப்பாளை விதை சொல்லி வெச்சாச்சு, ஈஸ்வரமூலிப் பதியமும் ஒருத்தர் தர்றேன்னிருக்கார்.

ஒரு சந்தேகம். கறிவேப்பிலையில இருந்த பெரிய புழு ஒண்ணை நேத்து ராத்திரியிலேருந்து காணோம். காக்கா தூக்கிடுச்சா?

#21 – ஒடுகத்தூரான்

காக்கா இல்ல, கூடு கட்டப் போயிருக்கும். தின்னு முடிச்ச புழு செடிய வுட்டு எறங்கி பத்து அடி கூட நடக்கும். படிக்கட்டு அடி, கேட்டுக் கம்பி, தொட்டி விளிம்பு, துணி காயப் போடற கயிறு, இங்கெல்லாம் தேடு. கேட்டுல இருந்தா தெறந்து மூடறப்ப நசுங்காம பாத்துக்கோ.

#22 – காட்பாடி மாடி

கிடைச்சாச்சு! தொட்டி விளிம்புக்கு அடியில. ஆனா இடுப்புல கட்டியிருக்கிற நூல் அறுந்து, வால் மட்டும் ஒட்டித் தலைகீழாத் தொங்குது. காத்துல ஆடுது. விழுந்துடுமா?

#23 – பாலாற்றங்கரை

வால் பிடி உறுதியா இருந்தா அப்படித் தொங்கிக்கிட்டே கூட பூச்சி வெளியே வந்துடும். ஆடிச் சுவர்ல மோதினா தோல் கிழிஞ்சுடும், அதைத்தான் பார்க்கணும். ரெண்டு நாள் ஆகித் தோல் இறுகட்டும், அதுக்கு முன்னாடி கை வைக்காதீங்க. அப்புறம் சொரசொரப்பான காகிதத்துல (பழுப்புக் கவர் நல்லது, வழவழ நோட்டுத்தாள் வேண்டாம்) சின்னக் கூம்பு சுருட்டி, வால் கீழே, தலை மேலே வர்ற மாதிரி உள்ளே நிறுத்துங்க. தலைப்பக்கம் பாதி வெளியே தெரியணும். கூம்பைக் குச்சியில ஒட்டி நிழல்ல வையுங்க. மேலே ஒரு சாண் தூரத்துக்கு எதுவும் இருக்கக் கூடாது, பக்கத்துல ஏறிப் பிடிக்க ஒரு கரடுமுரடான குச்சி வேணும். வெளிய வந்ததும் ஏறித் தொங்கலைன்னா இறக்கை மடிஞ்ச மாதிரியே காஞ்சுடும்.

கூடு கறுத்து இறக்கை நிறம் உள்ளேருந்து தெரிஞ்சா அடுத்த நாள் காலையில எதிர்பாருங்க. ஒண்ணு ரெண்டு மணி நேரம் தொங்கிக் காஞ்சப்புறம்தான் பறக்கும். பின் இறக்கையில சிவப்பு நிறையத் தெரிஞ்சா பெண், ஸ்டிக்கியஸா ரோமுலஸா பாருங்க. வெள்ளைப் புள்ளி வரிசைதான் பளிச்சுன்னு தெரிஞ்சா ஆணாவும் இருக்கலாம், சைரஸ் பெண்ணாவும் இருக்கலாம். பக்கவாட்டுலேருந்து ஒரு படம் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.